பாடகி என்று எழுதாதீர்கள்

1

போன மாதம் என் அண்ணன் பழனிசாமி ராசிபுரத்திலிருந்து ஒரு கேசட் அனுப்பியிருந்தான். நாங்கள் கடிதம் எழுதுவதை விட்டு நாளாகிவிட்டது. அவன் பேசிப் பதிவு செய்து அனுப்புவான். நான் கேட்டுவிட்டு, அதன்மேலேயே பேசித் திருப்பி அனுப்புவேன். மழை பெய்ததா, மரவள்ளிக் கிழங்கு என்ன விலை போகிறது, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை, இவைதான் அதில் இருக்கும். இந்த முறை அவன் சொன்னது ஒரே வரி. "மரகதம், இதக் கேளு. உன்னப் பத்தியும் சொன்னாங்க."

அதற்குப் பிறகு சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த விழாவின் ஒலிப்பதிவு. எழுபதுகளில் நான் கிதார் வாசித்த மெல்லிசைக் குழுவுக்கு வெள்ளி விழாவாம். குழுவை நடத்துகிற தனபால் அண்ணன் பேசினார். குரல் தளர்ந்திருந்தது. கை தட்ட வைக்கும் சாமர்த்தியம் மட்டும் அப்படியே இருந்தது.

"ஒரு தடவ ஜேடர்பாளையத்துல பதினெட்டு நோம்பிக்குக் கச்சேரிங்க. அப்ப நம்ம குழுவுல ஒரு பொண்ணு பாடிட்டிருந்துச்சு. ரசிகர் ஒருத்தரு ஆசையாக் கை குடுக்கலாம்னு மேடை ஏறியிருக்கறாரு. அம்மிணி என்ன நெனச்சுச்சோ, பக்கத்துல கெடந்த கிதாரத் தூக்கி ஒரே போடு! ஒதடு கிழிஞ்சு போச்சுங்க மனுசனுக்கு. மறுநாளு நான் போயிக் கால்ல உழுந்து வாத்தியத்த மீட்டுட்டு வந்தேன்!"

மண்டபமே சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஹாம்பர்கில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசை முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என் கணவர் யுவே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஏழு வயது மகள் கயலுக்குப் பாதி தெரியும். மண்டபம் சிரித்ததும் அவளும் சேர்ந்து சிரித்தாள். "யாரும்மா அந்தப் பொண்ணு? லூசா?" என்று கேட்டாள்.

"நான்தான்" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. "நீ அடிச்சியா? எதுக்கு?"

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கும் அவளுக்கும் உள்ள விஷயம். உங்களுக்கு இங்கே எழுதுகிறேன். நான் பாடிக்கொண்டிருக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு மேடையிலும் நான் பாடியதில்லை. கிதார் பக்கத்தில் கிடக்கவில்லை. என் தோளில் மாட்டியிருந்தது, அதுதான் என் வேலை. அந்த ஆள் கை கொடுக்க வரவில்லை. நாலு வரியில் மூன்று பொய்! அதற்கு ஒரு மண்டபமே கை தட்டுகிறது.

2

ஹாம்பர்கில் போர்க்காலத்தில் குண்டுக்குப் பயந்து கட்டிய பதுங்கு அறைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு ஆள் கை விரித்தாலும் சுவரின் கனத்தை அளக்க முடியாது. உள்ளே எவ்வளவு சத்தம் போட்டாலும் தெருவுக்குக் கேட்காது என்பதால் வாத்தியக் குழுக்கள் வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன. பகலில் நான் அஞ்சல் பார்சல் பிரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறேன். வியாழக்கிழமை சாயங்காலம் கயலை யுவேயிடம் விட்டுவிட்டு அந்த அறைக்குப் போகிறேன். நாலு பேர் கொண்ட ராக் குழு. துறைமுகத்துப் பக்கத்து மதுக்கடைகளிலும் கல்யாணங்களிலும் வாசிக்கிறோம். நான் பேஸ் கிதார்.

பேஸ் கிதார் என்றால் என்ன என்று ஊரில் ஒருவருக்கும் என்னால் விளக்க முடிந்ததில்லை. இன்னொரு முறை முயல்கிறேன். சாதாரணக் கிதாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலு. தடித்த கம்பிகள். கழுத்தும் நீளம், எடையும் அதிகம். இது பாட்டின் மெட்டை வாசிக்காது. மெட்டு நிற்பதற்குத் தரை போடும். நாமக்கல்லில் லாரி நின்ற இடத்திலேயே உறுமும்போது டீக்கடைப் பலகையில் கண்ணாடி டம்ளர்கள் நடுங்குமே, அந்த நடுக்கம் இருக்கும் இடம்தான் எங்கள் இடம். காதில் விழுவதற்கு முன்னால் காலில் ஏறும். இருக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நின்றுவிட்டால் எல்லோருக்கும் ஏதோ குறைந்ததுபோல் இருக்கும், என்ன குறைந்தது என்று சொல்லத் தெரியாது.

எனக்கு அது கிடைத்தது சேலத்தில் கல்லூரி படிக்கும்போது. என்னுடன் படித்த ரோஸ்லின் ரயில்வே காலனிப் பெண், ஆங்கிலோ இந்தியக் குடும்பம். அவளுடைய சித்தப்பா ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோனபோது கனம் என்று பேஸ் கிதாரை விட்டுவிட்டுப் போயிருந்தார். கல்லூரியில் நாலு பெண்கள் சேர்ந்து குழு ஆரம்பித்தோம். ரோஸ்லின் கிதார் வாசித்தாள், பாடவும் செய்தாள். அந்தக் கனமானதை எடுக்க யாரும் முன்வரவில்லை.

"உன் விரல்தான் நீளம் மேன். நீ எடுத்துக்கோ" என்றாள் ரோஸ்லின்.

அவள் வீட்டு ரெக்கார்டு பிளேயரில் இங்கிலீஷ் ராக் தட்டுகளின் வேகத்தைக் குறைத்துப் போட்டு, ஸ்பீக்கர் பெட்டியில் காதை ஒட்டிவைத்துக்கொண்டு கற்றேன். பாடுகிறவன் குரல் பேய்க் குரல் மாதிரி இழுக்கும். அதற்கடியில் பேஸ் மட்டும் ஒவ்வொரு அடியாக எண்ணிக் கொடுப்பதுபோல் வரும். விரல் நுனி கொப்புளித்து, உடைந்து, காய்த்துப்போயிற்று. விடுமுறைக்கு வந்தபோது அம்மா என் கையைப் பார்த்துவிட்டு, "ஆஸ்டல்ல கெணத்துல தண்ணி எறைக்கச் சொல்றாங்களா சாமி?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

3

படிப்பு முடிந்ததும் ரோஸ்லின் குடும்பம் பெங்களூருக்குப் போய்விட்டது. அவளோடு அந்தக் கிதாரும் போயிற்று. நான் ராசிபுரத்தில் வரன் பார்க்கும் பெண்ணாக உட்கார்ந்திருந்தேன். அந்தச் சமயம் தனபால் அண்ணன் எங்கள் வீடு தேடி வந்தார். அவருடைய குழுவில் பேஸ் வாசித்தவர் சினிமாவில் வாய்ப்புத் தேடி மெட்ராஸ் போய்விட்டார். எங்கள் கல்லூரி விழாவில் நான் வாசித்ததை அவர் பார்த்திருந்தார்.

அப்பா நெய் வியாபாரி. சுற்று வட்டாரக் கிராமங்களில் வெண்ணெய் வாங்கிக் காய்ச்சி விற்பவர். எதையும் முகர்ந்து பார்க்காமல் சரி சொல்ல மாட்டார்.

"பாட்டுப் பாடறதுக்குங்களா?"

"இல்லீங்க, கிதாரு வாசிக்கறதுக்கு."

"அப்ப வாயத் தொறக்க வேண்டியதில்ல?"

"இல்லீங்க."

"முன்னால நிக்கோணுமா, பின்னாலயா?"

"பின்னாலதானுங்க. டிரம்முக்குப் பக்கத்துல."

"பழனிசாமி தொணைக்குக் கூட வருவான். ஒத்துக்கறீங்களா?"

இப்படித்தான் எனக்கு அனுமதி கிடைத்தது. நான் வாயைத் திறக்கக் கூடாது, பின்னால் நிற்க வேண்டும். சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, எனக்கு அந்த இரண்டு நிபந்தனையும் பிடித்திருந்தன. பேஸ் வாசிக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஜனங்கள் விடவில்லை. ஆண்கள் குழுவில் ஒரு பெண் நின்றால் அவள் பாடகியாகத்தான் இருக்க வேண்டும். ஆத்தூரில், சங்ககிரியில், திருச்செங்கோட்டில், எங்கே போனாலும் கேள்வி ஒன்றுதான். "எப்பங்க நீங்க பாடுவீங்க?" பாட மாட்டேன் என்றால், "தொண்டை சரியில்லீங்களா?" அறிவிப்பாளருக்கு 'பேஸ்' என்ற சொல் நாக்கில் ஏறவில்லை. "பேசும் கிதார், செல்வி மரகதம்!" என்பார். உடனே கூட்டத்திலிருந்து ஒருவன், "எங்க, பேசச் சொல்லுங்க பாக்கலாம்!" என்பான். முதல் தடவை நானும் சிரித்தேன். பத்தாவது தடவை சிரிக்க முடியவில்லை.

அப்படியே இரண்டு வருடம் ஓடியது. அந்த இரண்டு வருடத்தில் நான் நல்ல வாசிப்புக்காரி ஆகியிருந்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. டிரம் வாசித்த சேகர் என் கால் கட்டைவிரலைப் பார்த்துத் தாளத்தை இறுக்கிக்கொள்வான். பாடகர் இடம் மறந்தால் நான் ஒரு சுரத்தை அழுத்தி அவரை இழுத்து வருவேன். கேட்கிறவர்களுக்கு இது எதுவும் தெரியாது. மேடையில் இருந்தவர்களுக்குத் தெரியும். தனபால் அண்ணனுக்கு நன்றாகவே தெரியும்.

4

ஜேடர்பாளையத்தில் காவிரிக் கரை. ஆடிப் பதினெட்டு. தடுப்பணைக்குப் பக்கத்தில் மேடை போட்டிருந்தார்கள். ஆற்றில் புதுத் தண்ணீர், கரை முழுக்கக் கட்டுச்சோற்று மூட்டைகளோடு குடும்பங்கள். மத்தியானம் வெயில் தாழ்ந்ததும் வாசிக்க ஆரம்பித்தோம். அண்ணன் பழனிசாமி ஆம்ப்ளிஃபயர்க்காரரோடு ஏதோ ஒயர் வாங்கப் பக்கத்து ஊர் வரை போயிருந்தான்.

நாலைந்து பாட்டுக்குப் பிறகு விழாக் கமிட்டித் தலைவர் மேடையோரம் வந்து தனபால் அண்ணனைக் கூப்பிட்டார். அவர் போய்விட்டு வந்து என் காதருகே குனிந்தார்.

"அம்மிணி, ஒரு ரெண்டு பாட்டுக்கு முன்னால வந்து நின்னு ஒடம்ப ஆட்டு. ஜனம் ஆசப்படுது."

"நான் ஆடுனா இத ஆருங்க வாசிப்பா?"

"கெடக்குது போ. அது இல்லாமயும் பாட்டு ஓடும்."

மேடை ஏறிய ஆள் மேல் வந்த கோபம் அப்புறம். முதல் கோபம் இந்த வார்த்தைமேல்தான். அது இல்லாமலும் பாட்டு ஓடுமாம்! இரண்டு வருடம் அவர் குழுவுக்குத் தரையாக இருந்தவளிடம் சொல்கிறார். நான் அசையவில்லை. "மாட்டனுங்க" என்றேன். சேகர் அடுத்த பாட்டுக்குத் தட்ட ஆரம்பித்துவிட்டான், அவன் பங்குக்கு அவன் செய்த உதவி. நானும் சேர்ந்துகொண்டேன்.

அப்போதுதான் அவன் ஏறினான். தலைவருக்கு அக்கா மகன் என்பது பிறகு தெரிந்தது. வெள்ளைச் சட்டை, இருபத்தைந்து வயது இருக்கும். கீழே அவன் கூட்டாளிகள் கத்தினார்கள். நேராக என்னிடம் வந்தான். "முன்னால வா புள்ள" என்று இடுப்பைச் சுற்றிக் கை போட்டு இழுத்தான். என் இரண்டு கையும் கிதாரில் இருந்தன. விலகினேன். மறுபடி பிடித்தான், இந்த முறை விரல்கள் சேலைக்குள் இருந்தன. கிதாரின் கழுத்தை இரு கையாலும் பற்றித் திருப்பினேன். முறுக்காணிகள் உள்ள தலைப்பக்கம் அவன் வாயில் பட்டது.

தெரியாமல் பட்டுவிட்டது என்று தனபால் அண்ணன் அன்று எல்லோரிடமும் சொன்னார். தெரிந்துதான் பட்டது.

5

மறுநாள் காலை கமிட்டித் தலைவரின் ரைஸ் மில்லில் பேச்சு. எங்கள் வாத்தியங்கள் எல்லாவற்றையும் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். ராசிபுரத்திலிருந்து அப்பா முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அந்தப் பையன் உதட்டில் தையலோடு நெல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கீழே பாய் போட்டிருந்தார்கள். என்னை வாசலில் நிறுத்தியிருந்தார்கள்.

"ஏனுங்க, நோம்பிக்கு வந்த எடத்துல எங்க பையன் மூஞ்சியக் கிழிச்சுப் போட்டிருக்குது உங்க புள்ள. என்ன சொல்றீங்க?" என்றார் தலைவர்.

"தப்புத்தானுங்க" என்றார் அப்பா.

"அவரு எதுக்குங்க மேடை ஏறுனாரு?" என்று நான் கேட்டேன்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு முறை, சத்தமாகக் கேட்டேன். தலைவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "புள்ளைய வாயத் தொறக்காம இருக்கச் சொல்லுங்க. நாங்க பெரியவங்க பேசிட்டிருக்கறோம்."

அப்பா என் பக்கம் வந்தார். "சாமி, ஒரு வார்த்த, மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு வா. இந்தப் பக்கத்து ஊருக எல்லாத்துலயும் நமக்கு வெண்ணெ வருது" என்று கெஞ்சினார்.

நான் சொல்லவில்லை. தனபால் அண்ணனைப் பார்த்தேன். மேடையில் எனக்கு ஐந்தடி தள்ளி நின்று எல்லாவற்றையும் பார்த்த மனிதர் அவர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தன் ஆர்மோனியப் பெட்டி எங்கே இருக்கிறது என்று மில்லுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு அந்தப் பையன் முன்னால் கும்பிட்டு நின்றார். அவன் அப்பாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கும்பிட்டு நின்றது தனபால் அண்ணன் இல்லை. காலில் விழுந்தேன் என்று அவர் விழா மேடையில் சொல்லிக்கொண்டது அப்பா செய்ததைத்தான். அப்பாவின் அவமானத்தைக்கூட எடுத்துத் தன் கதையாக்கிக்கொண்டார்.

வாத்தியங்கள் வந்தன. என் கையிலிருந்த குழுவின் கிதாரை வாங்கி உறையில் போட்டுக்கொண்டு, "கொஞ்ச நாளைக்கு ஊட்டுல இரு அம்மிணி, சொல்லி அனுப்பறேன்" என்றார் தனபால் அண்ணன். சொல்லி அனுப்பவே இல்லை. வரன்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின. "ஆம்பளைய அடிச்ச புள்ள" என்பது என் பெயரானது. அடி வாங்கியவனுக்கு மறு தையில் கல்யாணம் நடந்தது. என்ன செய்தான் என்று எந்தப் பெண் வீட்டாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

6

ஒன்றரை வருடம் கழித்து ரோஸ்லின் பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள். அவள் ஒரு ராக் குழு ஆரம்பித்திருந்தாள். அப்பா பேசவில்லை. பழனிசாமிதான் பஸ் ஏற்றிவிட்டான். அவனுக்கும் அன்று தான் பக்கத்தில் இல்லையே என்ற உறுத்தல் இருந்தது. பெங்களூரில் அந்தப் பழைய கிதார் மறுபடி கைக்கு வந்தது. ஓட்டல்களில் வாசித்தோம். முழங்கை வரை ரத்தம் பாய்வதுபோல் வாசித்தேன். பத்திரிகைக்காரர் ஒருவர் எங்களைப் பற்றி எழுதினார். ரோஸ்லினின் கிதாரைப் பற்றி ஒரு பத்தி, என் பின்னலைப் பற்றி ஒரு பத்தி.

பிறகு பஹ்ரைனில் ஒரு ஓட்டல். விசாவில் எங்கள் தொழில் 'நடனம்' என்று ஏஜெண்ட் போட்டிருந்தார். நாங்கள் வாத்தியக்காரர்கள் என்றால், "பெண்களுக்கு அந்த விசா எழுதிப் பழக்கமில்லை, இதுதான் சுலபம்" என்றார். யாருக்குச் சுலபம்? விமான நிலையத்தில் அதிகாரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான். அது எனக்குச் சுலபமாக இல்லை.

பஹ்ரைனில் எங்களைக் கேட்ட ஒரு ஜெர்மன்காரர் ஹாம்பர்கில் ஒரு குழுவுக்கு பேஸ் வாசிக்க ஆள் தேடினார். ரோஸ்லின் பெங்களூர் திரும்பினாள், நான் இங்கே வந்தேன். வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் தொழில் என்ன என்று கேட்டார்கள். ஜெர்மன் எனக்கு அப்போது நாலு வார்த்தை. பேஸ் கிதாரை இவர்கள் 'பாஸ்' என்பார்கள் என்று தெரியும். "நான் பாஸ்" என்றேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். இவர்கள் மொழியில் பாடகர்களில் கனத்த ஆண் குரலுக்கும் 'பாஸ்' என்றே பெயராம். பெண்ணுக்கு அந்தக் குரல் வராது என்று பொறுமையாக விளக்கிவிட்டு, 'ஸெங்கரின்' என்று தட்டச்சு செய்தார். ஸெங்கரின் என்றால் பாடகி! ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் அதே சொல். அதைத் திருத்த நான் மூன்று முறை போய் வரிசையில் நின்றேன். கடைசியில் கிதாரையே தூக்கிக்கொண்டு போய் மேசைமேல் வைத்தேன். அப்போதுதான் மாற்றினார்கள்.

இங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். குழுவில் சேர்ந்த முதல் வாரமே சித்தார் வாசிப்பாயா என்று கேட்டார்கள். தெரியாது என்றதும் வருத்தப்பட்டார்கள், நான் ஏதோ என் குலதெய்வத்தை மறந்துவிட்ட மாதிரி. போன கோடையில் கயலின் பள்ளியில் பெற்றோர்கள் இசை நிகழ்ச்சி. நான் பேஸ் கொண்டு வருகிறேன் என்றேன். "உங்கள் நாட்டு வாத்தியம் எதையாவது கொண்டு வந்தால் குழந்தைகளுக்குப் பயன்படும்" என்றார் ஆசிரியை. இதுதான் என் வாத்தியம் என்றேன். அவர் என்னைத் திருத்தும் முகத்தோடு புன்னகை செய்தார். அங்கே ஊரில் இது நம்ம வாத்தியம் இல்லை என்றார்கள். இங்கே இது உன் வாத்தியம் இல்லை என்கிறார்கள். காய்த்துப்போன விரல் என்னுடையது, அதையாவது ஒப்புக்கொள்வார்களா?

கயலும் ஒரு மாதிரி விலகிப் போய்க்கொண்டிருக்கிறாள். ஆசையாக வைத்த பெயர். இவர்கள் ஊரில் கண் மைக்கு 'காயால்' என்று பெயர். பள்ளியில் "மை டப்பா" என்று கேலி செய்கிறார்களாம். பெயரை மாற்றிவிடு என்று அழுகிறாள். கயல் என்றால் மீன், கண்ணுக்கு உவமை சொல்வார்கள் என்று விளக்கினேன். "அப்போ மீன் என்றும் கேலி செய்வார்கள், அதுவும் மை டப்பா மாதிரிதானே" என்கிறாள் ஜெர்மனில். தமிழில் கோபப்பட அவளுக்கு வார்த்தை போதவில்லை. எனக்கு ஜெர்மனில் போதவில்லை.

7

கேசட் வந்த மறு ஞாயிறு சேலத்துக்கு டிரங்க் கால் போட்டேன். தனபால் அண்ணனின் மைக் செட் கடையில் போன் இருக்கிறது.

"ஆரு, மரகதமா? செர்மனியிலிருந்தா? ஏஞ்சாமி, நல்லாருக்கறயா? கொழந்த குட்டி?"

அந்தக் குரலைக் கேட்டதும் ஒரு நொடி இளகத்தான் செய்தது. உடனே மண்டபத்தின் சிரிப்பு ஞாபகம் வந்தது.

"நான் பாடிட்டிருந்தேன்னு ஏனுங்கண்ணா சொன்னீங்க?"

"அட, அதா? பேஸுன்னு சொன்னா ஆருக்கு அம்மிணி வெளங்கும்? சபையில நாலு பேரு சிரிக்கறதுக்குச் சொல்றதுதான்."

"அவன் கை குடுக்கறதுக்கா வந்தான்?"

அவர் கடையில் யாரிடமோ ரேடியோவைக் குறைக்கச் சொன்னார்.

"அண்ணா, நீங்க பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தஞ்சாமி" என்றார். குரல் இறங்கிவிட்டது. "பாத்துட்டுத்தான் இருந்தேன். அன்னிக்கு நான் வாயத் தொறந்திருந்தா அடுத்த வருசம் எந்த ஊருக்காரன் நம்மளக் கூப்புடுவான்? பத்துக் குடும்பம் பொழைக்கோணுமல்ல?"

பத்துக் குடும்பம்! நானும் அப்பாவும் அந்தக் கணக்கில் இல்லை. அடுத்த மேடையில் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள் என்றேன். சொல்றேன் சொல்றேன் என்றார். அதோடு வைத்திருப்பேன். அவரே பேச்சை வளர்த்தார்.

"உன்னால எனக்கும் நட்டந்தான் அம்மிணி. அதுலருந்து வாத்தியத்துக்குப் பொம்பளப் புள்ளைகள எடுக்கறதேயில்ல. பாட்டுக்கு மட்டுந்தான். போன மாசங்கூட ஒரு புள்ள வந்துது. நாமகிரிப்பேட்டை. அப்பன் மஞ்ச மண்டி வெச்சிருக்கறான். டிரம்மு வாசிக்குதாம். நல்லாவே வாசிச்சுது, பொய் சொல்லக் கூடாது. எதுக்கு வம்புன்னு உன்ற கதையச் சொல்லித்தான் அனுப்பி வெச்சேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"இந்த மாதிரி ஒரு புள்ள இருந்துது, ஆளையே அடிச்சுப் போட்டுது, அதனால எடுக்கறதில்லைன்னு."

"அந்தப் புள்ள பேரு என்னங்க?"

"பேரா? கேட்டுக்கலையே சாமி."

ஒரு பெண் வந்து டிரம் வாசித்திருக்கிறாள். நன்றாக வாசித்திருக்கிறாள். பெயர்கூடக் கேட்காமல், என்னைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். அவன் மேடை ஏறியது காரணம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே இவர் பேசாமல் இருந்தது காரணம் இல்லை. நான் காரணமாம்.

"அது கெடக்குது. அங்க மைக்கெல்லாம் நல்லா இருக்குமாமே? ஊருக்கு வாரப்ப ஒண்ணு கொண்டாந்து குடு சாமி" என்றார் தனபால் அண்ணன்.

போனை வைத்துவிட்டேன். சொல்லாமல் வைத்தேன், மரியாதை இல்லைதான்.

8

இந்தக் குறிப்புகளை ஊரில் பலரும் படிப்பீர்கள். மன்னிக்க வேண்டும், கடைசிப் பகுதி உங்களுக்கு இல்லை.

நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டிக்காரர் மகளே, உன் பெயர் எனக்குத் தெரியாது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. உனக்குச் சொல்லப்பட்ட கதையில் வருகிறவள் நான்தான். அவள் பாடகி இல்லை. பேஸ் கிதார் வாசித்தாள், நன்றாக வாசித்தாள். ஒருவன் மேடை ஏறி அவள் உடம்பில் கை வைத்தான். இரண்டாவது முறையும் வைத்தான். அடித்தாள். இதுதான் கதை. உனக்குக் கதவைச் சாத்தியது நான் இல்லை. சாத்தியவர்கள் தாழ்ப்பாளில் என் பெயரை எழுதியிருக்கிறார்கள்.

ரோஸ்லின் இப்போதும் பெங்களூரில் குழு நடத்துகிறாள். அவளிடம் பேசிவிட்டேன். டிரம்முக்கு நிரந்தரமாக ஆள் இல்லாமல் திண்டாடுகிறாள். வந்து வாசித்துக் காட்டு, பிடித்தால் எடுத்துக்கொள்வாள், பிடிக்காவிட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். உன் வாசிப்பைப் பற்றி மட்டும்தான் பேசுவாள். இந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடு. ஆசிரியர் எனக்கு அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

சுலபமாக இருக்காது. உன்னையும் பாடச் சொல்வார்கள், ஆடச் சொல்வார்கள், பின்னலைப் பற்றி எழுதுவார்கள். எவனாவது மேடை ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கையில் இரண்டு குச்சி வைத்திருக்கிறாய், உனக்கே தெரியும்.

உன் அப்பா துணைக்கு யார் வருவது என்று கேட்பார். கட்டாயம் கேட்பார். அண்ணனை அழைத்துப் போகாதே. அவரையே அழைத்துப் போ. முன்வரிசையில் உட்கார வை. நீ வாசிப்பதை அவர் கேட்கட்டும். என் அப்பா நான் வாசித்து ஒரு முறைகூடக் கேட்டதில்லை.